பாட்டிமார் பாடல்களுக்கு ஒரு சர்வர்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிப்பொறி அறிவியல்)

'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவில் வருபவர், தோளில் துண்டும் கையில் நான்கு தட்டுகளுமாக உணவு விடுதியில் சுழன்று வரும் மனிதரே ஆவார். 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் அவர்கள் ஏற்ற வேடம் அச்சொல்லைத் தமிழ் மக்கள் நெஞ்சில் அவ்வாறே பதித்துவிட்டது. கணிப்பொறி உலகிலும் அச்சொல்லுக்குப் பொருள் ஏறக்குறைய அதுதான். கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும் பொறி எதுவோ, அதுவே சர்வர். அதற்கெனத் தனி உருவமோ பெரிய இரும்புப் பெட்டியோ வேண்டியதில்லை. எங்கள் துறையில் இன்று சர்வராகப் பணியாற்றுவது, தட்டச்சு வேலைக்குப் பயன்பட்டுப் பின் ஒதுக்கப்பட்ட ஒரு பழைய மேசைக் கணிப்பொறியே.

அதில் தரவுத்தளம், வலைத்தளம், கோப்புப் பகிர்வு என்னும் மூன்று சேவைகளை நானும் என் வகுப்புத் தோழர் இருவரும் அமைத்தோம். இவற்றை நிறுவுவது எப்படி என்று கூறும் நூல்கள் பல உள. நிறுவும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. நிறுவிய பின் நாங்கள் செய்த பிழைகளைக் கண்டு திருத்துவதற்கு ஓராண்டு பிடித்தது. அடுத்த ஆண்டு நான் இக்கல்லூரியில் இருக்கப் போவதில்லை. இப்பொறியைப் பார்த்துக்கொள்ளப் போகும் தம்பி தங்கையர் அதே பிழைகளை மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சர்வர் வேண்டிய காரணம்

நம் தமிழ்த்துறை மாணவர்கள் நாட்டுப்புறவியல் பாடத்தின் களப்பணிக்காக விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் சென்று, பாட்டிமாரிடம் தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி முதலியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்து வருவதை அனைவரும் அறிவர். அப்பதிவுகள் யாவும் துறையில் இருந்த ஒரே கணிப்பொறியில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் முதலாண்டு படித்தபோது ஒரு திங்கட்கிழமை காலை அக்கணிப்பொறி எழவில்லை. உள்ளிருந்து 'டக், டக்' என்ற ஒலி மட்டும் வந்தது. பழுதுபார்க்கும் கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹார்டு டிஸ்க்குல ஹெட்டு போயிருச்சு தம்பி, இது தேறாது" என்று கைவிரித்துவிட்டார்.

அதில் 61 பதிவுகள் இருந்தன. சில மாணவர்களின் கைப்பேசிகளில் பழைய படிகள் எஞ்சியிருந்தமையால் 40 திரும்பக் கிடைத்தன. 21 போனவை போனவையே. போனவற்றுள் ஒன்று தமிழ்த்துறைத் தோழி ஒருவரின் அப்பாயி பாடிய ஒப்பாரி. அந்த அப்பாயி அதற்கு முந்தைய தை மாதத்திலேயே காலமாகிவிட்டார். இனி யாரிடம் போய்ப் பாடச் சொல்வது?

அதன்பின் ஒருநாள் தமிழ்த்துறைப் பேராசிரியர் அம்மா எங்களைப் பார்த்து, "ஏம்ப்பா, கணிப்பொறித் துறைன்னு பக்கத்துலயே இருக்கீங்க. இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கியது எங்கள் வேலை.

மூன்று சேவைகள் எதற்கு என்று கேட்கலாம். பாடல்களின் ஒலிக்கோப்புகளை எல்லாத் துறைக் கணிப்பொறிகளிலிருந்தும் ஓரிடத்தில் சேர்க்கக் கோப்புப் பகிர்வு வேண்டும். பாடியவர் யார், எந்த ஊர், எப்போது, என்ன வகைப் பாடல் என்னும் விவரங்களை ஒழுங்காக வைக்கத் தரவுத்தளம் வேண்டும். 'நடவுப்பாட்டு' என்று தேடினால் பட்டியல் வந்து, தொட்டால் பாட்டுக் கேட்க வலைத்தளம் வேண்டும். உணவு விடுதியோடு ஒப்பிட்டால் வலைத்தளமே பரிமாறும் கூடம், தரவுத்தளம் அடுப்படி, கோப்புப் பகிர்வு சரக்கறை. சாப்பிட வந்தவர் கூடத்தில் அமரலாம். அவர் அடுப்படிக்குள் நுழைந்து தாமே அள்ளிக்கொள்ளலாமா? அந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை வைத்திருந்தால் சர்வர் அமைப்பதில் பாதி வேலை முடிந்ததென்க. எங்களிடம் அந்த விடை முதலில் இல்லை.

அடித்தளம்

பொறிக்கு டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பைப் போட்டோம். 2023-இல் வெளிவந்த இப்பதிப்பைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். லினக்ஸின் கருப்பகுதியை 1991-இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். நம் வயதுதான்.

பொறிக்கு மாறாத முகவரி ஒன்று கொடுக்க வேண்டும். வீட்டு எண் நாள்தோறும் மாறினால் தபால்காரர் என்ன செய்வார்? எனவே 192.168.1.10 என்ற உள்முகவரியை அதற்கே ஒதுக்கினோம். ஒரே முகவரியில் மூன்று சேவைகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாயில் உண்டு. வலைத்தளத்துக்கு 80, பூட்டிய வலைத்தளத்துக்கு 443, கோப்புப் பகிர்வுக்கு 445, தரவுத்தளத்துக்கு 3306 என்பவை வழக்கமான வாயில் எண்கள். எந்த வாயிலை யாருக்குத் திறப்பது என்பதுதான் பின்னால் வரும் கதை முழுவதும்.

தரவுத்தளமும் கேள்விக்குறிகளும்

தரவுத்தளத்துக்கு நாங்கள் தேர்ந்தது மரியாடிபி. இதன் பெயருக்கு ஒரு கதை உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸ் என்பார் தம் நண்பர்களோடு 1995-இல் உருவாக்கிய தரவுத்தளத்துக்குத் தம் மகள் 'மை'யின் பெயரை வைத்து மைஎஸ்கியூஎல் என்றார். அது 2008-இல் சன் நிறுவனத்திடம் போயிற்று. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கப் போகிறது என்ற செய்தி 2009-இல் வந்தபோது, அதே நிரலிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, இளைய மகள் மரியாவின் பெயரை அதற்குச் சூட்டினார். பேருந்துக்கும் அரிசி ஆலைக்கும் பெண் மக்களின் பெயரை வைக்கும் நம் ஊராருக்கு இது வியப்பாகத் தோன்றாது.

விவரங்களை ஒரே நீண்ட பட்டியலாக எழுதாமல் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, எண்ணால் இணைப்பதே இவ்வகைத் தரவுத்தளத்தின் அடிப்படை. இக்கருத்தை 1970-இல் வெளியிட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய காட் என்னும் அறிஞர். ஒரே பாட்டி பன்னிரண்டு பாடல் பாடியிருந்தால் அவர் பெயரையும் ஊரையும் பன்னிரண்டு முறை எழுதத் தேவையில்லை. பன்னிரண்டு முறை எழுதினால் ஓரிடத்தில் 'முத்தம்மாள்' என்றும் இன்னோரிடத்தில் 'முத்தம்மா' என்றும் எழுதி, ஒருவரை இருவராக்கிவிடுவோம். ஆகவே பாடியவர்களுக்கு ஓர் அட்டவணை. பாடல்களுக்கு ஓர் அட்டவணை. பாடல் அட்டவணையில் பாடியவரின் எண் மட்டும். ஒலிக்கோப்பைத் தரவுத்தளத்துக்குள் திணிக்கவில்லை. அது சரக்கறையில் எங்கே இருக்கிறது என்னும் பாதையை மட்டும் எழுதினோம்.

இனி முதற் பிழை. தமிழ்த்துறையில் விவரங்கள் ஏற்கெனவே எக்செல் தாளில் இருந்தன. அவற்றைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவர அத்தாளை சி.எஸ்.வி. வடிவில் சேமித்தேன். ஏற்றிப் பார்த்தால் எண்களும் தேதிகளும் சரியாக இருந்தன. பெயரும் ஊரும் பாடலின் முதலடியும் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கேள்விக்குறிகள்! தரவுத்தளத்தைத்தான் முதலில் திட்டினேன். பிழை அதனுடையதன்று. எக்செல்லில் சாதாரண சி.எஸ்.வி. என்று சேமித்தால் அது பழைய, குறுகிய எழுத்துத் தொகுதியில் எழுதுகிறது. அத்தொகுதியில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. இடமில்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அது மேலே போய்விடுகிறது. கேள்விக்குறியாக மாறிய பின் மீண்டும் தமிழாக்க வழியில்லை. 'அ'வும் ஒரே குறி, 'ழ'வும் அதே குறி. யூடிஎஃப்-8 சி.எஸ்.வி. என்று தனியே ஒரு தேர்வு அங்கேயே இருக்கிறது. அதைத்தான் தேர்ந்திருக்க வேண்டும். நல்ல காலம், மூல எக்செல் தாளை அழிக்காமல் வைத்திருந்தேன். அழித்திருந்தால் ஹார்டு டிஸ்க் செய்த வேலையை நானே செய்தவனாகியிருப்பேன்.

தாளின் ஒரு பகுதி வேறு தொல்லை கொடுத்தது. அது பல ஆண்டுகளுக்கு முன் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அத்தகைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளுமே; தமிழ் வேடம் மட்டும் மேலே. வேடத்தைக் கலைத்தால் படிக்கவே முடியாத குப்பையாகத் தெரியும். இது கேள்விக்குறி போன்றதன்று. ஒவ்வொரு குறிக்கும் நிகரான தமிழ் எழுத்து உண்டு. எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய பின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்துப் பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் மூவரும் ஒரு வாரம் படித்தோம். கொம்பும் காலும் இடம் மாறிப்போன இடங்கள் கணிசமாக இருந்தன.

அகர வரிசை பற்றியும் ஒரு சொல். யூனிகோடு எண்வரிசையில் 'ந'வை அடுத்து 'ன'வும், 'ர'வை அடுத்து 'ற'வும் வருகின்றன. நம் நெடுங்கணக்கோ 'ழ, ள, ற, ன' என்று முடிகிறது. எண்வரிசைப்படி அடுக்கச் சொன்னால் பெயர்ப் பட்டியல் தமிழ் படித்தவருக்குச் சிரிப்பை மூட்டும். அட்டவணையை உருவாக்கும்போதே யூனிகோடு வரிசை விதிகளைப் பின்பற்றும் ஒழுங்கைத் தேர்ந்துவிட வேண்டும்.

தரவுத்தளத்தின் வாயில் யாருக்கு? வெளியார் எவருக்கும் அன்று. டெபியனில் மரியாடிபியை நிறுவினால் அது 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுத்துக் கேட்கிறது. அது 'தன் வீடு' என்பதற்கு ஒப்பானது. அதாவது, அதே பொறிக்குள் இருக்கும் வலைத்தளம் கேட்டால் விடை கிடைக்கும். வேறு கணிப்பொறியிலிருந்து கேட்டால் கதவே தெரியாது. வசதிக்காக அதை எல்லா முகவரிக்கும் திறந்துவிடச் சொல்லும் அறிவுரைகள் கண்ணில் படும். செவிசாய்க்க வேண்டாம்.

கோப்புப் பகிர்வு

துறைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை விண்டோஸ். லினக்ஸ் பொறியின் கோப்புகளை விண்டோஸில் ஒரு சாதாரண மடிப்பறை போலக் காட்டும் வித்தையைச் செய்வது சாம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 இறுதியில் இதன் முதல் வடிவை எழுதினார். அவரிடம் அப்பேச்சுமுறைக்கான நூல் ஏதும் இல்லை. பொறிகள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கம்பிவழி ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்டார். அதனைப் பின்னர் அவர் விளக்கிய விதம் சுவையானது. பிரெஞ்சு மொழி தெரியாத ஒருவர் பிரெஞ்சு உணவு விடுதியில் அமர்ந்து, யார் என்ன கேட்டால் சர்வர் எதைக் கொண்டுவருகிறார் என்று கவனித்துக்கொண்டே இருந்தால் மொழி பிடிபட்டுவிடும் அல்லவா, அவ்வாறு என்றார். நம் சர்வர் அங்கும் வந்துவிட்டார்! பெயரும் அப்படியே, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடி எடுத்ததே 'சாம்பா'.

இரண்டாம் பிழை இங்கே. தொல்லையில்லாமல் இருக்கட்டும் என்று முதலில் எல்லா மடிப்பறையையும் எல்லாருக்கும் படிக்க, எழுத, அழிக்கத் திறந்துவிட்டோம். மூன்றாம் வாரத்தில் 'தாலாட்டு' என்ற மடிப்பறையே காணவில்லை. எவரும் அழிக்கவில்லை என்று சாதித்தனர். அவர்கள் சொன்னது உண்மைதான். யாரோ ஒருவர் கை தவறிச் சுட்டெலியால் அதை இழுத்து 'ஒப்பாரி' மடிப்பறைக்குள் போட்டிருக்கிறார். தாலாட்டு ஒப்பாரிக்குள் அடங்கிக் கிடந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அன்றே இரண்டாகப் பிரித்தோம். 'வரவு' என்ற மடிப்பறையில் எந்த மாணவரும் தம் பதிவைக் கொண்டுவந்து போடலாம். ஆனால் தாம் போட்டதைத் தவிரப் பிறர் போட்டதை நீக்க முடியாது. லினக்ஸில் மடிப்பறைக்கு அத்தகைய குறி ஒன்று இடலாம். 'பதிவுகள்' என்ற மடிப்பறையைத் துறையில் உள்ளோர் படிக்கலாம், கேட்கலாம். எழுதும் உரிமை பேராசிரியர் அம்மா குறித்துக் கொடுத்த மூவருக்கு மட்டும். அம்மூவர் கை தவறினாலும் அழித்த கோப்பு ஒரு குப்பைக்கூடையில் தங்கும்படி சாம்பாவில் ஏற்பாடு உண்டு. அதையும் இயக்கினோம். சாம்பாவுக்குரிய கடவுச்சொல் லினக்ஸ் கடவுச்சொல்லிலிருந்து வேறானது, அதைத் தனியே பதிய வேண்டும் என்பது தெரியாமல் ஒரு பகல் முழுவதும் விழித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

துறையில் இன்றும் ஒரு விண்டோஸ் எக்ஸ்.பி. கணிப்பொறி இருக்கிறது. அது கோப்புப் பகிர்வின் முதற் பதிப்புப் பேச்சை மட்டுமே அறியும். சாம்பாவோ 2019-இலிருந்து அப்பேச்சை இயல்பாக ஏற்பதில்லை. ஒரு வரி மாற்றினால் ஏற்கும். மாற்றச் சொல்லிப் பலர் கேட்டனர். நான் உடன்படவில்லை. 2017 மே மாதம் 12-ஆம் நாள் தொடங்கி உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' என்னும் தீநிரல், அந்தப் பழைய பேச்சில் இருந்த ஓட்டை வழியாக 445-ஆம் வாயிலில் நுழைந்தே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவியது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் அதனால் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஒரு பழைய கணிப்பொறியின் வசதிக்காக அந்தக் கதவைத் திறக்கலாகாது. எக்ஸ்.பி.யில் தட்டச்சு செய்வோர் பென் டிரைவில் கொண்டுவந்து, வேறு கணிப்பொறியில் சோதித்துப் போடுகின்றனர். முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

ஓர் ஒப்பாரி வெளியே வந்த கதை

வலைத்தளத்துக்கு அப்பாச்சி, தரவுத்தளத்திடம் கேட்டுப் பக்கத்தை ஆக்க பி.எச்.பி. இவ்விரண்டும் எளிதில் அமைந்தன. தேடும் பக்கம் அழகாகவே வந்தது. நாங்கள் செய்தவற்றுள் மிகப் பெரிய பிழையும் இங்கேதான் நேர்ந்தது.

பாடியவர்கள் எல்லாரும் தம் பாடலை எல்லாரும் கேட்கலாம் என்று சொல்லவில்லை. என் தோழன் பதிவு செய்த ஒரு பாட்டி, "எம் புருசனுக்குப் பாடுனது இது. நீ படிப்புக்குன்னு கேட்டியேன்னு பாடுனேன். ஊருக்குப் போட்டுக் காட்டிராத சாமி" என்று சொல்லியே பாடியிருந்தார். ஆகவே ஒவ்வொரு பாடலுக்கும் 'பொது', 'துறைக்குள்', 'பூட்டு' என மூன்றில் ஒரு குறி தரவுத்தளத்தில் இட்டோம். பக்கத்தில் 'பொது' மட்டுமே காட்டினோம். பட்டியலில் இல்லையென்றால் எவரும் கேட்க முடியாது என்று நம்பினேன்.

ஆனால் ஒலிக்கோப்புகளை, வசதி கருதி, வலைத்தளத்தின் மடிப்பறைக்குள்ளேயே வைத்திருந்தேன். முதற்பக்கம் இல்லாத மடிப்பறையின் முகவரியை ஒருவர் தட்டினால், அதிலுள்ள கோப்புகள் அத்தனையையும் பட்டியலிட்டுக் காட்டுவது டெபியனில் அப்பாச்சியின் இயல்பான அமைப்பு. முதலாண்டு மாணவர் ஒருவர் விளையாட்டாக முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் தெரிந்தது. மதிய உணவு வேளையில் தாழ்வாரத்தில் அந்தப் பாட்டியின் குரல் ஒரு கைப்பேசியிலிருந்து கேட்டது. நான்கைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர். என் தோழனும் அப்போது அவ்வழியே வந்தான்.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றே: "அந்தக் கிழவிகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" என்னிடம் விடை இல்லை.

அன்று மாலையே சர்வரை நிறுத்திவிட்டு மாற்றினோம். ஒலிக்கோப்புகள் இப்போது வலைத்தள மடிப்பறைக்கு வெளியே உள்ளன. எந்த முகவரியைத் தட்டினாலும் நேரே எட்ட முடியாது. கேட்பவர் ஒரு பாடலைத் தொட்டால், பி.எச்.பி. நிரல் முதலில் தரவுத்தளத்தில் அதன் குறியைப் பார்க்கிறது. உரிமை இருந்தால் மட்டும் தானே கோப்பை எடுத்துவந்து கொடுக்கிறது. மடிப்பறைப் பட்டியல் காட்டும் வழக்கத்தை அடியோடு நிறுத்தினோம். 'பூட்டு' இட்டவற்றைத் தனி மடிப்பறையில் வைத்து, வலைத்தளத்தின் கணக்குக்கு அதைப் படிக்கும் உரிமையையே எடுத்துவிட்டோம். நிரலில் நான் பிழை செய்தாலும் அது எட்டாது. தரவுத்தளத்திலும் அவ்வாறே. வலைத்தளம் பயன்படுத்தும் கணக்கு, பூட்டியவை நீங்கலாக உள்ள பகுதியைப் படிக்க மட்டுமே செய்யும். சேர்க்கவோ திருத்தவோ அதனால் இயலாது. விவரம் பதிவோருக்கு வேறு கணக்கு. தேடும் பெட்டியில் எவராவது தரவுத்தளக் கட்டளையையே எழுதி அனுப்பினாலும், அது தேடுசொல்லாகவே கொள்ளப்படும்படி கேள்வியையும் மதிப்பையும் பிரித்து அனுப்பும் முறைக்கு மாறினோம்.

தோழன் பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது பாட்டியிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவன் சொன்னான். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கேட்டவுக சிரிச்சாகளா?" என்று கேட்டாராம். "இல்ல பாட்டி, சும்மா நின்னு கேட்டாங்க" என்றானாம். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அப்பாடல் இன்றும் பூட்டியே இருக்கிறது.

மின்விசையும் மறுபடியும்

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை சர்வரை இயக்கியபோது, அப்பொறியின் மேல் ஒரு சீட்டை ஒட்டி, இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையால் எழுதி வைத்தார். படித்தபோது சிரித்தேன். பின்னர் அதன் அருமை தெரிந்தது.

தரவுத்தளத்தின் மறுபடியை நாள்தோறும் இரவு 1 மணிக்கு எடுக்கும்படி அமைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்து, மறுபடியிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று பார்க்க உட்கார்ந்தோம். மறுபடி வைக்கும் மடிப்பறையில் ஒரு கோப்புக்கூட இல்லை. காரணம் எளிது. மாலை 5 மணிக்கு எல்லா அறைகளையும் பூட்டும்போது இரவுக் காவலர் மெயினை அணைத்துவிடுகிறார். இரவு 1 மணிக்குப் பொறியே ஓடவில்லை. ஓடாத நேரத்தில் குறித்த வேலையைப் பின்னர் நினைவு வைத்துச் செய்யும் வழக்கம் 'கிரான்' என்னும் அந்த நேரக் காவலனுக்கு இல்லை. காவலரிடம் கேட்டபோது, "அணைக்காம போனா என்னையத்தானே தம்பி கேப்பாங்க" என்றார். அவர் மேல் என்ன குற்றம்?

அது மட்டுமன்று. ஒரு மாதமாக நாள்தோறும் சர்வர் திடீரென்று மின்விசை இழந்திருக்கிறது. தரவுத்தளம் சிதையாமல் இருந்ததற்குக் காரணம், அது எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகே அட்டவணையில் செய்கிறது. கடைக்காரர் முதலில் சிட்டையில் குறித்து, பின்பு பேரேட்டில் ஏற்றுவது போல. நடுவில் விளக்கு அணைந்தால், எழுந்தவுடன் சிட்டையைப் பார்த்து, முடிந்த வரவை ஏற்றி, பாதியில் நின்றதைத் தள்ளிவிடும். ஆயினும் ஹார்டு டிஸ்க்குக்கு அது நல்லதன்று. இப்போது யு.பி.எஸ். உண்டு. மாலை 4.45-க்குப் பொறி தானே முறையாக அணைகிறது. காலையில் மின்விசை வந்ததும் தானே எழுகிறது. அதற்கான தேர்வு பொறியின் பயாஸில் இருக்கிறது. மறுபடி எடுக்கும் நேரம் பிற்பகல் 1.30. நாங்களும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: 'இது சர்வர். மாலை 4.45-க்குத் தானே அணையும். அதற்கு முன் அணைக்க வேண்டாம்.'

இரண்டாம் முறை மீட்டுப் பார்த்தோம். வேறொரு கணிப்பொறியில் தரவுத்தளம் அழகாக எழுந்து நின்றது. பெயர்கள், ஊர்கள், முதலடிகள் எல்லாம் இருந்தன. பாட்டைத் தொட்டால் ஒலி இல்லை! தரவுத்தளத்தில் இருப்பது பாதை மட்டுமே என்று மேலே சொன்னேன் அல்லவா? பாதையை மட்டும் மறுபடி எடுத்துவிட்டுப் பாட்டை விட்டிருக்கிறோம். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை இரட்டையாக இணைத்திருக்கிறோமே, அது போதாதா என்று ஒரு நண்பன் கேட்டான். போதாது. ஒன்று பழுதானால் மற்றது காக்கும். ஆனால் ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அக்கணமே அழியும். எனவே ஆர்சிங்க் என்னும் கருவியால் ஒலிக்கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றுக்குப் படியெடுக்கிறோம். முன்பு அனுப்பியவற்றை விட்டு மாறியவற்றை மட்டும் எடுப்பதால் அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. 1996-இல் வெளிவந்த அக்கருவியை எழுதிய இருவருள் ஒருவர் சாம்பாவைத் தந்த அதே டிரிட்ஜெல்தான்.

மூன்றாம் முறை எல்லாம் வந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாதென்று பத்துப் பாடல்களைத் தொட்டு முழுதும் கேட்டோம்.

இவ்வாண்டு முடியும்போது அதில் 214 பதிவுகள் உள்ளன. பொறுப்பேற்கும் தம்பி தங்கையர்க்குச் சில குறிப்புகள்: கடவுச்சொற்கள் ஓர் உறையில் முத்திரையிட்டுத் துறைத்தலைவர் பீரோவில் இருக்கின்றன. வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்று எங்கள் துறையில், மற்றது நூலகத்தில். வெள்ளிதோறும் இடம் மாற்ற வேண்டும். நூலகர் ஐயா குறிப்பேட்டில் கையெழுத்து வாங்குவார். மாதத்தின் முதல் சனிக்கிழமை மீட்டுப் பார்க்கும் நாள். 'பூட்டு' குறியை எடுக்கச் சொல்லி யார் கேட்டாலும், பாடியவரிடமோ அவர் வீட்டாரிடமோ கேட்டு வந்தபின் பேராசிரியர் அம்மாவின் எழுத்து வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். 'வரவு' மடிப்பறையில் சென்ற வாரம் வந்த ஏழு பதிவுகளுக்கு இன்னும் ஊர் எழுதப்படவில்லை. அவற்றைப் போட்ட மாணவர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள்.